பங்கஜாட்சன் எழுதிய தீர்ப்பு

"தாலி கட்டினவன் மேலயே கேஸாம். வேற வேலை இல்லாதவளுக."

டிவியைப் பார்த்துத்தான் சொன்னார் பங்கஜாட்சன். சீரியலில் உத்தரா என்கிற பெண் கூண்டில் நின்று, 'நான் வேண்டாம்னு சொன்னேன், என் புருஷன் கேக்கலை' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பறவூர் வட்டாரமே ஒரு மாதமாக அந்த வழக்கைத்தான் மென்றுகொண்டிருந்தது.

மனைவி விலாசினி மத்தி மீன் கழுவ எழுந்து போனாள்.

இது வீட்டுக்குள். வெளியே மனுஷர் ஊர் வாசகசாலைச் செயலாளர். அங்கே எல்லாரும் முற்போக்கு. உத்தரா பக்கம் நியாயமா, புருஷன் பக்கமா என்று யாராவது கேட்டால், "ரெண்டு பக்கமும் பாக்கணும் மாஷே" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். வம்பே இல்லை.

அவர் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. போன மாதம் மகள் நிமிஷா பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஏழே மாசம். உத்தரா கூண்டில் சொன்னதைத்தான் இவள் அடுப்படியில் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். விலாசினி அதை அவர் காதில் போட, மனுஷருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இதெல்லாம் வெளியே சொல்கிற விஷயமா, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று சத்தம் போட்டார். மறுநாளே மகளைப் புருஷன் வீட்டுக்கே, சேராய் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தார், அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து டிவிக்காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். உத்தரா வழக்குக்கு நேயர்களே தீர்ப்பு எழுதலாம். சிறந்த தீர்ப்பை ஞாயிறு மத்தியானம், கடைசிப் பகுதிக்கு முன்னால், நீதிபதியாக நடிக்கிற அம்மாவே வாசிப்பார்.

அந்த ஞாயிறு வாசகசாலை நிரம்பி வழிந்தது. பெண்கள் முன்வரிசை, ஆண்கள் சுவரோரம். செயலாளருக்கு மட்டும் நாற்காலி.

நீதிபதியம்மா கடிதத்தைப் பிரித்தார்.

"வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் வேண்டாம்தான். தாலி அதை மாற்றிவிடாது. உத்தரா என் மகளாக இருந்திருந்தால் அவளைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். நானே போய், கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பேன். இப்படிக்கு, பங்கஜாட்சன், செயலாளர்..."

திரையில், கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்து. பக்கத்தில் வாசகசாலை சீல். இரண்டும் அசல்.

கைதட்டலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் அப்புக்குட்டன் மாஷ் வந்து கட்டிக்கொண்டார். ரெண்டு பக்கமும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இவ்வளவையும் மனசுக்குள்ள வச்சிருந்தியாடா கள்ளா என்று முதுகில் ஒரு போடு போட்டார். இப்படி ஒரு கடிதம் எழுதிய ஞாபகமே பங்கஜாட்சனுக்கு இல்லை. ஆனால் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அதற்குமேல் எப்படி மறுக்கிறது? ஏதோ மனசில் பட்டதை எழுதினேன் என்று சொல்லிவைத்தார்.

செல்போன் அடித்தது. நிமிஷா.

"அச்சா, டிவியில கேட்டேன். இங்க எல்லாரும்தான் கேட்டாங்க." குரல் நிதானமாக இருந்தது. "துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். எப்ப வர்றீங்க?"

நான் எழுதலை மோளே என்று சொன்னால் முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பெண் இப்படித் தெம்பாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மூணரை பஸ்ஸுல வர்றேன்," என்றார்.

பஸ்ஸில் போகும்போதும் மனசு சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்று சொல்லலாமா என்று வழியெல்லாம் வார்த்தை தேடினார்.

ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. நிமிஷா பையோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். மாப்பிள்ளை பிரஜீஷ் திண்டில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரை உள்ளே கூப்பிடவில்லை, அவரும் எட்டிப் பார்க்கவில்லை. மகள் மெலிந்து போயிருந்தாள். போன மாதமும் இப்படித்தான் இருந்திருப்பாள், நான்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் கேட்டாள். "அவ்வளவு நல்லா எப்படி அச்சா எழுதினீங்க?"

மத்தியானத்திலிருந்து எத்தனையோ பேர் பாராட்டி, அத்தனையையும் வாங்கிக்கொண்டவர்தான். இதை வாங்க முடியவில்லை.

"நான் எங்க எழுதினேன், உங்கம்மாதான் எழுதியிருக்கணும். வாசகசாலைக் கடிதமெல்லாம் அவதானே எழுதிக் கொண்டுவருவா. கட்டோட கட்டா இதையும் வச்சிருப்பா. நான் என்னிக்குப் படிச்சுப் பாத்தேன், நீட்டின இடத்துல கையெழுத்தும் சீலும் போட்டுட்டேன்."

நிமிஷா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"படிச்சிருந்தா போட்டிருப்பீங்களா அச்சா?"

பங்கஜாட்சன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"போட்டிருக்க மாட்டேன் மோளே. இப்பக் கொண்டுவந்து நீட்டச் சொல்லு, படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."