நாலு மணிக் காய்ச்சல்

மங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இசக்கிமுருகன் மலேரியாவோடு ஸ்ரீவைகுண்டம் திரும்பினான்.

"கிருமி ஈரலுக்குள்ள போயி உறங்கும். பதினாலு நாளும் மாத்திரை முழுங்கலைன்னா திரும்பி வரும்" என்றாள் நர்ஸ். முத்துராணி தினமும் தன் கையாலேயே கணவன் வாயில் போட்டாள்.

அப்படியும் இரண்டு மாதம் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்குக் குளிர் அவனைத் தூக்கிப்போட்டது. மறுநாள் ஒட்டடை அடித்தபோது, அவனுடைய செத்துப்போன மூத்த தாரம் முப்பிடாதியின் படத்துக்குப் பின்னால் அவன் துப்பிய பதினாலு மாத்திரையும் எச்சில் காய்ந்து கிடந்தன.

"எதுக்கு இப்படிச் செஞ்சிய?"

"காய்ச்சல் வந்தாத்தான் அவ வாரா. கட்டில்ல வந்து உக்காருதா."

ஒன்பது வருஷம் அவனுக்குப் பொங்கிப்போட்டவள் அன்று உலை வைக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்கும் அதே காய்ச்சல் கண்டது. நாலு மணிக்கு உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. இசக்கிமுருகன் மாத்திரையை அவள் நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான்.

கட்டில் ஓரம் தாழ்ந்தது. நெற்றியில் ஒரு குளிர்ந்த கை பட்டது.

"முழுங்கிராத, தங்கச்சி. பொறவு நான் எங்க போவேன்?"

அவன் செம்போடு வந்து அறைவாசலிலேயே நின்றான். "வந்தாளா?" என்று பைய கேட்டான்.

முத்துராணி இல்லையென்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் மாத்திரை தெரிந்துவிடும்.