கை இறங்கும் இடம்

அம்மாவின் கை மறுபடியும் காற்றிலேயே நின்றது.

பிறகு ஒரு துள்ளல். கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் தெரியவில்லை.

அவள் வீடியோவைப் பின்னால் ஓட்டினாள். கை எழும்பியது. நின்றது. துள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்ததால் கூடம் முழுக்க நீலமாக இருந்தது. படம் பார்ப்பதற்கென்றே அவள் கணவன் ஜெபராஜ் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி, டிவிக்குக் கீழே மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

திரையில் அவர்களுடைய வரவேற்பு. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தையது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாலை, மொட்டை மாடியில் ஒரு பந்தல். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டவளைப் பார்க்க அம்மா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வந்தாள். பத்து நிமிடம் நின்றாள். சாப்பிடவில்லை.

இருவரும் அம்மாவின் காலில் விழுந்தார்கள்.

அன்று அவளுக்குச் சவுரி வைத்துப் பின்னி, உச்சியை மூடும்படி மல்லிகை சுற்றியிருந்தார்கள். ஒரு கை வந்து பட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. ஜெபராஜும் குனிந்துதான் இருந்தான்.

தலையைத் தொட்டு ஆசீர்வதித்தாள் என்றாள் சித்தி. தொடவில்லை, மாலையை ஒதுக்கினாள் என்றார் சித்தப்பா.

"கொசு விரட்டியிருப்பாங்க" என்று ஜெபராஜ் ஒருமுறை சொன்னான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அம்மாவிடமே கேட்டிருக்கலாம். பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். பொங்கல் தவறாமல் சேலை எடுத்துக் கொடுத்தாள். இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

கேசட் பரணில் கிடந்தது. பார்த்தால் தெரிந்துவிடும். அதனாலேயே பார்க்கவில்லை.

சில கனவுகளில் அந்தக் கை காதோரம் வரைக்கும் வரும். வளையல் சத்தம் கேட்கும். விழிப்பு வந்துவிடும்.

போன சித்திரையில் அம்மா போய்விட்டாள். கேசட்டை இறக்கிக் கடையில் கொடுத்து, பென்டிரைவில் மாற்றி, நேற்றுதான் வாங்கி வந்தாள்.

"இன்னும் நொண்டுதா?" சமையலறையிலிருந்து ஜெபராஜ் குரல் கொடுத்தான். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தான். "மீன் கையோட அதைத் தொட மாட்டேன். நீயே பாரு. அறுபதுல கெடக்கும். நம்ம ஊரு கேசட்டுக்கு அம்பது வேணும்."

அவன் முன்பே சொல்லியிருக்கிறான். கேசட்டில் நொடிக்கு இருபத்தைந்து படங்கள். திரையோ நொடிக்கு அறுபது முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கணக்கு ஒட்டாது. ஒரு படம் இரண்டு முறை நிற்கும், அடுத்தது மூன்று முறை. நடை தடுக்கும்.

ஐம்பதுக்கு மாற்றினாள்.

திரை ஒரு கணம் கறுத்தது.

பிறகு எல்லாம் வழிந்து ஓடியது. தோரணம் அசைந்தது. யார் வீட்டுக் குழந்தையோ நாற்காலிகளுக்கு நடுவே ஓடியது. அவள் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் உதிர்ந்து, தரை வரைக்கும், முழுதாக விழுந்தது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கை எழும்பியது.

துள்ளியது.

கணினியின் கோளாறு இல்லை, அப்படியானால்.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அங்கங்கே கொஞ்சம் போயிருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அங்கங்கே என்றால் வேறெங்கோ என்று நினைத்திருந்தாள்.

குக்கரில் ஆவி அடங்கும் சத்தம் கேட்டது.

பிறகு அமைப்புகளில் இன்னும் கீழே போனாள். அசைவை மென்மையாக்கு என்று ஒன்று இருந்தது. ஜெபராஜ் அதை எப்போதும் அணைத்தே வைத்திருப்பான்.

அதைப் போட்டாள். ஓடும் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தாள்.

பந்தலின் இரைச்சல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. அம்மா தண்ணீரில் நடப்பவள் மாதிரி வந்தாள்.

கை எழும்பியது.

துள்ளவில்லை.

விளிம்புகள் கரைய, கை மெதுவாக இறங்கியது. விரல்கள் மல்லிகைக்குள் புதைந்தன. வளையல் பூவாயிற்று. பூ வளையலாயிற்று. பிறகு கை தலைப்புக்குத் திரும்பிப் போனது, ஒன்றுமே நடக்காததுபோல.

அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடி.

நாலாவது முறை, ஜெபராஜ் சமையலறை வாசலில் நின்றிருந்தான். ஈரக் கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"என்னட்டி, சீரியல் மாதிரி வழவழன்னு போவுது? அதை அமத்து. ரெண்டு படத்துக்கு நடுவுல இல்லாததை அதுவா வரைஞ்சு காட்டும்."

"தெரியும்."

அவன் திரையைப் பார்த்தான். அம்மா. பந்தல். குனிந்திருக்கும் இரண்டு தலைகள்.

அவளைப் பார்த்தான்.

உள்ளே போனான். குழாயைத் திறந்தான். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

அவள் சோபாவிலிருந்து இறங்கி, டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். பின்னால் ஓட்டினாள். ரிமோட்டைத் தள்ளி வைத்தாள்.

தலையில் இன்று பூ இல்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

கை எழும்பியபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தாள்.