யார் எடுத்தது போனை?

"மொத்தம் நூத்திப் பதினேழு கால், சார். ஒண்ணுகூட மிஸ்டு கால் இல்ல. எல்லாத்தையும் எடுத்துப் பேசியிருக்காங்க."

டெலிபோன் லைன்மேன், போனோடு மாட்டியிருந்த பெட்டியின் தீப்பெட்டி அளவுத் திரையைப் பைண்டர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பைண்டருக்குப் பிடரியில் லேசாகச் சில்லிட்டது.

காரணம் இருந்தது. புத்தகம் பைண்டிங் செய்யும் கடைக்கு அவர் போய்விட்டால், பகலில் அந்த வீட்டில் இருப்பது அவர் மனைவி மட்டும்தான். மனைவிக்குப் பேச்சு வராது.

பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது கையையும் பேச்சையும் அது கொண்டுபோய்விட்டது. கையாவது கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

அதனால் அவருக்குக் குறையேதும் தெரியவில்லை. உதடு அசைந்தால் தண்ணீர், புருவம் உயர்ந்தால் மாத்திரை, கை நீண்டால் ஃபேன். அவள் நினைப்பதற்குள் இவர் கொண்டுவந்து நிற்பார். டாக்டரே மெச்சிக்கொண்டார்.

தொல்லை கொடுத்தது போன் மட்டும்தான். லோன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே எடுத்து, "வேண்டாம்" என்று ரிசீவரை அறைந்து வைப்பார். மற்ற நாட்களில் பாவம், அவள் தூக்கம் கெடுகிறதே என்றுதான் வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் இந்தப் பெட்டியை வாங்கினார்.

போன வாரமே மாட்டியாயிற்று. ஆனால் லைன்மேன் உடனே தடுத்துவிடுகிற ஆள் இல்லை. ஒரு வாரம் பெட்டியைச் சும்மா விட்டு, யார் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் என்று பதியவிட்டு, அதற்குப் பிறகுதான் சிவப்புப் பட்டனை அழுத்துவார். அழுத்திவிட்டால் வியாபார அழைப்பு ஒன்றுகூட உள்ளே வராது.

"இதப் பாருங்க," என்றார் லைன்மேன். "இந்த நம்பர் தினமும் பத்தேகால் மணிக்கு. நேத்து இருபத்திரண்டு நிமிஷம். என் சம்சாரம்கூட என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல."

"எங்க வீட்ல பேச ஆளே இல்லப்பா."

"அப்ப பேய்தான் பேசியிருக்கணும். இந்நேரம் அதுக்கும் லோன் சாங்ஷன் ஆகியிருக்கும்."

பைண்டர் சிரிக்கவில்லை. மாடி வீட்டுக்காரியிடம் ஒரு சாவி இருக்கிறது. போன மாதம் பூட்டு மாற்ற வந்தவன் முகம் நினைவுக்கு வந்தது. அவன் எத்தனை சாவி செய்தான்?

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சுவர்ல லைன் டப்பா இருக்குல்ல, அதையும் ஒரு தடவை பார்த்துடலாம். யாராவது ஒட்டுக் கம்பி போட்டுப் பேசறாங்களோ என்னவோ," என்றார் லைன்மேன்.

இருவரும் வெளியே போனார்கள். வாசற்கதவு டப்பென்று சாத்திக்கொண்டது.

டப்பாவில் ஒட்டுக் கம்பி எதுவும் இல்லை. ஸ்க்ரூவைத் திருப்பி முடுக்கும்போது உள்ளே போன் அடித்தது.

மணி பத்தேகால்.

பைண்டர் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி, திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்தார்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

மனைவி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் வேகமாக. இடக்கக்கத்தில் ஒரு நோட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினாள்.

"குட் மார்னிங் மேடம். நேத்து சொன்ன வேக்குவம் கிளீனர் விஷயமா..."

அவள் வாய் திறந்தது. ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

பைண்டரின் கால் தானாக வாசலை நோக்கித் திரும்பியது. லைன்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எத்... எத்... த..."

"சொல்லுங்க மேடம். அவசரமே இல்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

ஐந்து விநாடி. பத்து விநாடி.

"எத்...தனை... கலர்... இருக்கு?"

பைண்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்து ஆள் சிவப்பு, நீலம், சாம்பல் என்று நிதானமாகச் சொன்னான். விற்க வேண்டியவன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான். அவள் பேசி முடிக்கும் வரை பேசாமல் இருப்பான்.

சொல்லி முடித்த வாக்கியத்துக்குக் கணக்காக அவள் நோட்டில் ஒரு கோடு இழுத்தாள். பக்கம் முழுக்கக் கோடுகள்.

"இன்...னொரு... தரம்... சொல்...லுங்க," என்றாள். சிரித்தாள்.

ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் எதிரே தான் பத்து விநாடி சும்மா நின்றதில்லை என்பது பைண்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சு முடிந்த பிறகு உள்ளே போனார்கள். அவள் நோட்டை மடியில் கவிழ்த்தாள்.

விஷயம் புரியாதவர் மாதிரி லைன்மேன் பெட்டி அருகே போய்க் கேட்டார்: "சிவப்புப் பட்டனை அழுத்திடவா, சார்?"

பைண்டர் மனைவியைப் பார்த்தார்.

அவள் உதடு அசைந்தது.

அவர் கை பழக்கத்தில் கூஜாவை எடுத்துத் தம்ளரை நிரப்பிவிட்டது. நீட்டப் போனவர் பாதியில் நின்றார்.

நின்றபடியே இருந்தார். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது.

"அழுத்த... வேண்...டாம்," என்றாள் லைன்மேனிடம்.

மூச்சு வாங்கிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். இதற்கு இன்னும் நேரம் பிடித்தது.

"எனக்கு... ஒரு நாளும்... அவ்வளவு... தாகம்... எடுத்த...தில்ல."

அந்தத் தண்ணீரை லைன்மேன் வாங்கிக் குடித்தார்.