கடைசி டியூ

“மூணு வருஷமா ஒரு மாசம் தப்பாம டியூ கட்டின மனுஷன் சார் எங்கண்ணன். இன்னிக்கு கடன் முடிஞ்சுதுன்னு என்.ஓ.சி. வாங்க வந்தா, இன்னும் ரெண்டு லட்சம் வைன்னு சொல்றீங்களே, இது அடுக்குமா உங்களுக்கு?”

கனகா போட்ட சத்தத்தில் அந்தக் கார் பைனான்ஸ் ஆபீசே திரும்பிப் பார்த்தது. காசு எண்ணிக்கொண்டிருந்த பெண்கூட எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

மேனேஜர் மனோஜ்குமாருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எவனைப் பார்த்தாலும் கடன் வாங்கும்போது பல்லைக் காட்டுகிறான், கட்டும்போது பல்லைக் கடிக்கிறான். மைசூரில் மேனேஜராக இருப்பதற்குப் பதில் மாடு மேய்க்கப் போகலாம்.

“நோடி அம்மா, இங்க பாருங்க, கத்தினா கணக்கு மாறாது. மாசாமாசம் கம்மியா கட்டணும், கடைசியில ஒரு பெரிய டியூ. இதுதான் ஸ்கீம். அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கு. உங்கண்ணன் கையெழுத்தும் இருக்கு.”

“இங்கிலீஷ்ல எலி புழுக்கை மாதிரி அச்சடிச்சிருந்தா, அது தெளிவா?”

பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஆறுமுகசாமி நெளிந்தார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் ஆள். மைசூர் ஹெப்பாளில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். வண்டி போனால் கம்பெனி ஓட்டம் போச்சு, அத்தோடு வீட்டில் உலையும் போச்சு. அப்படிப்பட்டவர் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது மனோஜ்குமாருக்கு வேடிக்கையாக இருந்தது.

“ஏன்யா, படிக்காம கையெழுத்து போட நீங்க என்ன சின்னக் குழந்தையா?”

“அவரு போடுங்கன்னாருங்க. அவரு சொன்னதுக்கப்பறம் நாம படிச்சுப் பாத்தா மரியாதையா இருக்குங்களா?”

“எவரு?”

“சிவகுமாருங்க.”

மனோஜ்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஏஜென்ட்டுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா! பிழைக்கத் தெரிந்தவன்தான்.

“சிவகுமார் எங்க நம்பர் ஒன் ஏஜென்ட். போன வருஷம் கோவாவுக்கு டூர் அனுப்பினோம், தெரியுமா?”

“தெரியாம என்ன?” கனகா சீறினாள். “அந்தப் போட்டோவைப் போனை நீட்டி நீட்டித் தெருவெல்லாம் காட்டினானே. இந்தப் பாழாப்போன ஸ்கீம்ல தள்ளினா கமிஷன் ரெட்டிப்பு. நம்ம ஊரு, நம்ம ஜனம்னு தேனா பேசி, நம்பினவங்க தலையிலேயே கட்டியிருக்கான். அவன் நல்லா இருப்பானா?”

“கனகா!” ஆறுமுகசாமி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். “மரியாதையாப் பேசு.”

“உனக்கு வெக்கமாவே இல்லையாண்ணா? உன் சோத்துல மண்ணைப் போட்டவனுக்கு மரியாதை ஒரு கேடா?”

“எனக்கு வண்டி போனாப் போவுது, கண்ணு. காலும் கையும் இருக்குது, பொழச்சுக்குவேன். நீ உன் குடும்பத்தைப் பாரு. வா, போலாம்.”

நல்ல ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான் மனோஜ்குமார். இந்தச் சாதுவை எப்போதோ வழியனுப்பியிருக்கலாம், கூட வந்த இந்தத் தங்கச்சிதான் தொல்லை.

“கம்ப்ளைன்ட் எடுத்துக்குங்க சார்” என்றாள் கனகா. “மூணு வருஷத்தோட முடிஞ்சுது, அப்பறம் வண்டி உங்களுதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னான். பெரிய டியூன்னு ஒரு வார்த்தை வாயில வரலை. ஏமாத்தி வித்தது உங்க ஆளு, அந்த ரெண்டு லட்சத்தை நீங்கதான் தள்ளுபடி பண்ணணும்.”

“பண்ணலாமே! ஏஜென்ட் ஏமாத்தினது நிஜம்னா தள்ளுபடியும் பண்ணுவோம், அவனை வேலையை விட்டும் தூக்குவோம், போலீஸ்லயும் கொடுப்போம். ஆனா வாயால சொன்னதுக்குச் சாட்சி வேணும்மா. சிவகுமார் பேசும்போது பக்கத்துல யாரு இருந்தாங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் முடிந்தது கதை. இதுவரை ஒருத்தர்கூட பதில் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

“யாருமில்லீங்க” என்றார் ஆறுமுகசாமி அவசரமாக.

“நான் இருந்தேன்” என்றாள் கனகா. “காபி போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஒவ்வொரு வார்த்தையும் என் காதால கேட்டேன். நானும் அதை நம்பி, போடுண்ணா கையெழுத்தைன்னு சொன்னேன் பாருங்க, என் வாயில கொள்ளி வைக்க.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மனோஜ்குமாருக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பேனாவைத் தூக்கி மேஜைமேல் போட்டான்.

“என்னம்மா விளையாடறீங்களா? அண்ணனுக்குத் தங்கச்சி சாட்சியா? ஹெட் ஆபீஸ்ல கைகொட்டிச் சிரிப்பாங்க. உங்களுக்கு அண்ணன் வண்டி தப்பிச்சா ஆதாயம். சிவகுமாரைப் பத்தி இப்படிச் சொல்றதுல எந்த நஷ்டமும் இல்லாத ஆளு சாட்சி சொன்னா எவன் நம்புவான்?”

ஆறுமுகசாமி எழுந்து தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். “கனகா, உனக்குப் புண்ணியமாப் போவும். சொல்லாத கண்ணு. எந்திரி.”

கனகா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, உருண்டு கிடந்த பேனாவை எடுத்து மனோஜ்குமாரிடமே நீட்டினாள்.

“அப்போ அண்ணனுக்குத் தங்கச்சின்னு எழுத வேண்டாம் சார். சிவகுமாருக்குப் பொண்டாட்டின்னு எழுதிக்குங்க.”