ஆவியாகிப் போன வெள்ளி

கிறிஸ்டின் மிஸ், றொஷானியின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். சீப்பு, குடை, பாதி தின்ற பணிஸ். வெள்ளிக் கம்பி மட்டும் இல்லை.

"இந்த ஆய்வுகூடம் கூட்டுறது நீர் ஒராள்தான். ஒரு றோல் கம்பி அலுமாரிக்குள்ள இருந்து தானா நடந்து போச்சுதோ?"

"அந்தோனியார் ஆணை, நான் எடுக்கேல்லை மிஸ்!"

அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நேர்த்தி வைத்துக் காத்திருந்தவளுக்குக் கள்ளி என்ற பேர். றொஷானிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்தக் கட்டடத்தில் திண்ம ஒட்சைட்டு எரிபொருட்கலம் செய்தார்கள். பீங்கான் தகட்டை நெருப்பாய்ச் சுட வைத்து, வாயுவைக் கொடுத்து, கரண்ட் எடுக்கிற வித்தை. அந்தக் கரண்டை வெளியே கொண்டுவரத்தான் வெள்ளிக் கம்பி. கரண்ட் இன்னும் வந்தபாடில்லை.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் பாக்கியரத்தினம் வந்தார்.

"ஏழைப் பிள்ளையில ஏன் பழி போடுறீங்கள்? கம்பியை நான்தான் சூளைக்குள்ள வைச்சனான். அந்தச் சூட்டில வெள்ளி ஆவியாகும். பறந்து போய், குளிர்ந்த இடமாப் பார்த்துப் படியும். விஞ்ஞானம் தெரியாமல் கதைக்கக் கூடாது."

"ஒரு றோல் முழுக்கவா சேர்?"

"ஓம், முழுக்க."

கிறிஸ்டின் மிஸ்ஸின் ஆராய்ச்சிக்கு அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே மிஸ் விஞ்ஞானத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

றொஷானி கும்பிடாத குறை. பெரிய மனிசன் என்றால் இவரல்லவா பெரிய மனிசன்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நன்றி சொல்ல ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே பேரன் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. வீடு நிறையச் சனம்.

"வா பிள்ளை, குழந்தையைப் பார்" என்று அவரே ஏசி அறைக்குள் கூட்டிப்போனார்.

தொட்டிலில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் புது வெள்ளி அரைஞாண், கையில் காப்பு, காலில் தண்டை. கீழே மூத்த பேத்தி ஒரு வெறும் பிளாஸ்ரிக் றோலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். றோலில் ஆய்வுகூட ஸ்ரிக்கர். றொஷானி தன் கையால் ஒட்டியது.

அவள் குனிந்து அதை எடுத்தாள். பேராசிரியர் அவசரமாகக் கையை நீட்டினார்.

றொஷானி றோலை அவர் கையில் வைத்தாள்.

"நீங்கள் சொன்ன விஞ்ஞானம் சரிதான் சேர். நல்ல குளிரான இடமாப் பார்த்துத்தான் படிஞ்சிருக்கு."