விரிசலுக்குக் கீழே

ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதற்குள் வெளிச்சுவரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று குடியிருப்புச் செயலாளர் மரகதம்தான் மேஸ்திரி சவரிமுத்துவை வரவழைத்தாள். கயிற்றில் தொங்கியபடி நாலு மாடியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்தார்.

“விரிசல் விட்ட பக்கம் கெட்டியா இருக்கும்மா. வழவழன்னு இருக்கே, அங்கதான் உள்ளே பூச்சு விட்டுப்போச்சு. எப்ப வேணா விழும்.”

“நல்லா இருக்கிற சுவரையா உடைக்கச் சொல்றீங்க?”

“தட்டினா தெரியுதும்மா.”

மரகதம் இரண்டு பக்கமும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் அந்த வழவழப்பான சுவரின் நிழலில்தான் குடியிருப்புப் பெண்கள் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் அந்தப் பக்கம் போய் உட்காருங்க” என்று விரிசலைக் காட்டினாள்.

“அங்கேயா!” என்று சிரித்தார்களே தவிர, யாரும் எழுந்திருக்கவில்லை.

அவளே ஒரு நாற்காலியை இழுத்துப்போய் விரிசலுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.