கரைக்கு வந்தவர்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் விடுமுறை. விடியற்காலையிலேயே வாடகை அறையில் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். கடற்கரைக் குடையின் கீழே உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"முதுகு விட்டுப்போச்சுங்க. செத்த நேரம் படுத்துக்கட்டுமா?"

"அப்ப பையை யாரு பாக்கிறது? நான் குளிச்சிட்டு வரேன்" என்று கணவர் கடலில் இறங்கினார்.

கால்மணி நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலையில் ஈரமில்லை. பாதத்தில் மணல்கூட ஒட்டியிருக்கவில்லை.

"அதுக்குள்ள குளிச்சாச்சா?"

"கத்தியை இங்க குடு, நான் நறுக்கறேன். நீ படு."

அவள் உற்றுப் பார்த்தாள். அவர் முகமேதான். "என்னங்க, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"நீ நிம்மதியா தூங்கி எத்தனை நாளாச்சும்மா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. துண்டை எடுக்கத் திரும்பியபோதுதான் கடலைப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கணவர் கையை ஆட்டினார்.

"ஏய்! துண்டு எங்கடி? எத்தனை தடவை கத்தறது?"

வீட்டுக் குளியலறையிலிருந்து தினமும் வரும் அதே குரல்.

பக்கத்திலிருந்தவர் பழத்தை ஒரே அளவாக நறுக்கிக்கொண்டே, "யாரும்மா உன்னைக் கூப்பிடறது?" என்று கேட்டார்.

அவள் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள்.

"யாரோ தெரியலைங்க" என்றாள்.